முகப்புப் பக்கத்து மாணவி

2005ஆம் ஆண்டு நவம்பர் பதினாறாம் தேதி புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குப் பாண்டிச்செல்வி பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினாள். அதற்குக் கால் மணி நேரம் முன்னால்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைசிறந்த மாணவி ஆகியிருந்தாள். இரண்டையும் அவளாகக் கேட்டு வாங்கவில்லை.

இது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அதன் பெயர் முகப்புப் பக்கத்து மாணவி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்தாலும் முதலில் வந்து நிற்பவள் அவள்தான். நாடு நாடாகச் சுற்றி வந்தவர்களைக் கேளுங்கள், கடல் தாண்டியும் அவளேதான் நிற்கிறாள், உடை மட்டும் வேறு என்பார்கள். அவளுடைய வாழிடம் மரத்தடி. கட்டடத்துக்குள் பெஞ்சு இருக்கிறது என்ற விவரமே அவளுக்குத் தெரியாது. மடியில் தடித்த புத்தகம் ஒன்று விரிந்திருக்கும், கண் மட்டும் அதில் இருக்காது. எதிர்காலம் கொக்குக் கூட்டம் போல வானத்தில் பறந்து போவதாக எண்ணி மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் புத்தகத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்ட, மூவரும் சிரிப்பார்கள். வேதியியல் புத்தகத்தில் சிரிக்கும்படி அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? அவளுக்குப் பசிக்காது. விருதுநகர் வெயிலிலும் வேர்க்காது. அவள் எங்கிருந்தும் வருவதில்லை. எப்போதும் வந்தே இருப்பாள்.

படத்துக்குக் கீழே அவளுடைய குணங்கள் வரிசையாக இருக்கும். எங்கள் மாணவி கேள்வி கேட்பவள். எல்லைகளைக் கடப்பவள். தடைகளைப் படிகளாக்குபவள். காலத்தை முந்துபவள். நல்லது. நம் ஊர் வீட்டில் ஒரு பெண் கேள்வி கேட்டு, எல்லையையும் கடந்தால் அன்று சாயங்காலமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பாண்டிச்செல்வி இந்த இனத்தில் பிறந்தவள் இல்லை. தாயில்பட்டியில் பிறந்தவள். வேதியியல், இரண்டாம் ஆண்டு. அம்மா அய்யம்மாளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி போடும் வேலை. தாயில்பட்டியில் விடியும் முன்பே கம்பெனி வண்டிகள் வரிசையாக வந்து நின்று, வெடிக்குத் திரி வைக்கப் போகிறவர்களைத் தெருவுக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்ளும். படிக்கப் போகிறவளுக்கு எட்டு மணிக்கு ஒரே ஒரு பஸ், அதுவும் சாத்தூர் வரைக்கும். அங்கே இறங்கி, விருதுநகர் பஸ்ஸில் தொற்றி, பல்கலைக்கழக வாசலில் நிற்காது என்று சொல்லும் நடத்துனரிடம் கெஞ்சி, ஒரு கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடப்பட்டு, துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தால் மணி ஒன்பது இருபது. முதல் பீரியட் ஒன்பதுக்கு. அந்த ஆண்டு வந்த புது விதிப்படி, முதல் பீரியடில் இல்லாதவர் காலை முழுவதும் இல்லாதவர். ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பெண், வருகைப் பதிவேட்டில் பாதி ஆளாகத்தான் இருந்தாள். ஐம்பது சதவீதம். தேர்வு எழுத எழுபத்தைந்து வேண்டும்.

காலத்தை முந்துபவள் என்று எழுதிய மனிதர் சாத்தூர் பஸ் நிலையத்தில் ஒருநாள் நின்று பார்த்திருக்கலாம்.

அலுவலகத்தில் மாணவர் பிரிவு எழுத்தர் மாரிசாமி அவள் பெயரை அடித்துவிட்டு, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். சும்மா தருவார்களா? பல்கலைக்கழகத்தில் சேர ஒரு கையெழுத்து போதும்; வெளியே போக ஏழு வேண்டும். நூலகத்தில் எதையும் பாக்கி வைக்கவில்லை, ஆய்வகத்தில் எதையும் உடைக்கவில்லை, மைதானத்தில் பந்து எதையும் தொலைக்கவில்லை என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். விடுதியில் அவளுக்கு இடமே கிடைக்கவில்லை. இருந்தாலும் விடுதியிலிருந்து அவள் எதையும் எடுத்துப் போகவில்லை என்று வார்டன் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு அதிகாரிகளைப் பார்க்கப் போகிறாளே என்று அய்யம்மாள் தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுடிதாரை உடுத்தி அனுப்பியிருந்தாள்.

அன்றைக்குப் பார்த்துத்தான் படம் எடுக்கும் நாள். புதிய இணையதளம் வரப் போகிறது. மக்கள் தொடர்பு அலுவலர் லட்சுமிகாந்தம், ஒவ்வொரு துறைக்கும் நல்ல மாணவர்களாகப் பார்த்து மரத்தடிக்கு அனுப்பும்படி சுற்றறிக்கை விட்டிருந்தார். யாரும் வரவில்லை. வகுப்பை விட்டு வந்தால் வருகை போய்விடும். வருகை போனால் அப்புறம் எப்படி அவர்கள் நல்ல மாணவர்கள்? பதினொரு மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து சிரிக்கும் அளவுக்கு ஓய்வாக இருக்கும் ஒரே மாணவி, பெயர் அடிக்கப்பட்டவள்தான். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இதே கணக்குத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"ஏம்மா, கிளாஸ் இல்லையா ஒனக்கு?" என்று லட்சுமிகாந்தம் கேட்டார்.

"இல்ல சார்."

உண்மை. அவர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேள்வி கேட்பது மாணவியின் குணம், அலுவலரின் குணம் அல்லவே. துணைக்கு, நூலகத்தில் தூசி தட்டும் ராமுத்தாயையும் ஜெராக்ஸ் கடைக்காரரின் மைத்துனரையும் பிடித்து வந்து உட்கார வைத்தார்கள். கைக்கு அகப்பட்ட சட்டப் புத்தகம் ஒன்று பாண்டிச்செல்வியின் மடியில் வைக்கப்பட்டது.

புகைப்படக்காரர் ராஜபாண்டியன் சிவகாசிக்காரர். காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் இருபது வருடமாகப் படம் எடுப்பவர். அவர் சிரிக்கச் சொன்னார். அவளுக்கு வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார். பாண்டிச்செல்வி தாங்க முடியாமல், "நான் இங்க படிக்கலைண்ணே, பேரை அடிச்சுட்டாக" என்றாள்.

ராஜபாண்டியன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கென்ன தாயி. நாங்க வெடிப் பெட்டி மேல புலிப் படம் போடுறோம். உள்ள புலியா இருக்கு?"

சிரித்துவிட்டாள். கேமரா பிடித்துக்கொண்டது. அந்தச் சிரிப்புக்குப் பிற்பாடு 'கற்றலின் பேரின்பம்' என்று பெயர் வைத்தார்கள்.

ஏழாவது கையெழுத்துப் போட வேண்டிய விளையாட்டு இயக்குநர் அன்று விடுப்பு. ஆறு கையெழுத்தோடு அந்தத் தாளை மாரிசாமியிடம் கொடுத்துவிட்டு, சான்றிதழ் வாங்காமலே அவள் பஸ் ஏறினாள். பல்கலைக்கழகம் பாண்டிச்செல்வியை அனுப்பிவிட்டது, ஆனால் முழுதாக அனுப்பவில்லை. முழுதாக அனுப்பவும் ஒரு திறமை வேண்டும்.

பொங்கலுக்கு இணையதளம் வந்தது. கூடவே வாசலில் நாற்பதடி ஃப்ளெக்ஸும் வந்தது. மதுரை போய்த் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரி, ஒம் மக ரோட்டோரத்துல கருப்பசாமி உசரத்துக்கு நிக்கிறா என்று அய்யம்மாளிடம் சொன்னாள். அம்மாவோடு பெட்டி போடப் போய்க்கொண்டிருந்த பாண்டிச்செல்வி, ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். படம் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. முதலில் மரக்கிளை, பிறகு தலைமுடி, நெற்றி, கண், கடைசியில் அந்தச் சிரிப்பு. கீழே உள்ளதை இரண்டு தடவை படித்தாள். படத்தில் இருந்தவள் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவளுக்கு இடம் இருக்கிறதே.

ஜூன் மாதம் மறுசேர்க்கை கேட்டு அம்மாவும் மகளும் மாரிசாமி முன்னால் போய் நின்றார்கள். மாரிசாமி கெட்டவர் இல்லை. விதி இருந்தால் எதையும் செய்வார், விதி இல்லாவிட்டால் தும்மக்கூட மாட்டார். தினமும் ஒன்பது மணிக்கு வகுப்பில் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம், மறுபடி வருகை குறைந்தால் பிறகு எந்தக் காலத்திலும் கிடையாது என்றார். பாண்டிச்செல்வி பேனாவை எடுத்தாள். அய்யம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வர முடியாதுன்னு தெரிஞ்சே எழுதுவியா?"

இந்த வருடம் விட்டால் படிப்பு அவ்வளவுதான் என்று மகளுக்குத் தெரியும். பொய் எழுதினால் நவம்பரில் மறுபடி இதே மேஜை என்று அம்மாவுக்குத் தெரியும். இருவரும் ஒரு பேனாவுக்காக இழுபறி நடத்துவதைப் பார்த்து மாரிசாமிக்கு எரிச்சல் வந்தது. சன்னல் வழியாக வாசல் ஃப்ளெக்ஸைக் காட்டினார்.

"அங்கன பாரும்மா, அதுவும் ஒரு பொம்பளப் பிள்ளைதான். மூஞ்சியில எம்புட்டுப் பொறுப்பு இருக்கு. அப்படியில்ல இருக்கணும்."

"அய்யா, அது எம் மகதான்யா."

மாரிசாமி சன்னலைப் பார்த்தார். எதிரில் நின்றவளைப் பார்த்தார். மறுபடி சன்னலைப் பார்த்தார். "எங்க, கொஞ்சம் சிரி, பாப்போம்" என்றார்.

அவளால் முடியவில்லை. அலுவலக மேஜை முன்னால், படிப்பு ஊசலாடும்போது யாரால்தான் முடியும்? கடைசியில் இடது புருவத்துத் தழும்பு காப்பாற்றியது. ஃப்ளெக்ஸில் அது ஒரு வெள்ளரிக்காய் நீளம் இருந்தது.

ஆள் போய்ச் சொன்னதும் லட்சுமிகாந்தம் ஓடி வந்தார். ஒரு பெண்ணின் படிப்பு போனது அவரைத் தொடவில்லை. தன்னுடைய முகப்புப் பக்கம் பதிவேட்டிலேயே இல்லை என்பதுதான் அவருக்கு வேர்வையை வரவழைத்தது. பத்திரிகைக்காரன் காதில் விழுந்தால்? சேர்க்கைக் கையேடு இருபத்தைந்தாயிரம் பிரதி சிவகாசியில் அச்சாகி வந்து இறங்கிவிட்டது. எல்லாவற்றிலும் இவள் சிரிக்கிறாள். படத்தை மாற்ற முடியாது. விதியையும் மாற்ற முடியாது. அம்மா, ஒன்பது மணிக்கு வந்துவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லையே என்று அவரும் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

அய்யம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"தைப் பொங்கல்ல இருந்து எம் பிள்ளை ராவும் பகலும் இங்கனதான சார் நிக்கிறா. மழைக்கும் நிக்கிறா, லீவு நாளுக்கும் நிக்கிறா. முதப் பீரியடுக்கு மணி அடிக்கையில ஒங்க வாத்தியாருகளுக்கு முன்னால அவதான் நிக்கிறா. அதுக்கெல்லாம் என்ன வருகை போட்டீக?"

பிறகு ஓர் அதிசயம் நடந்தது. மாரிசாமி எழுந்து போய் விதிப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் புரட்டினார். பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகப் பணியில் இருக்கும் மாணவருக்கு அந்த நேரத்துக்குரிய வருகை வழங்கப்படும். கபடி ஆட வெளியூர் போகும் பையன்களுக்காக எழுதப்பட்ட விதி, ஆன் டியூட்டி, சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். ஆனால் கபடி என்ற சொல் அதில் இல்லை. "பிரதிநிதின்னா இதை விடப் பிரதிநிதி யாரு இருக்கா?" என்று மாரிசாமி சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது இரக்கம் இல்லை. பல நாள் தேடிய விதி கிடைத்த பூரிப்பு.

அப்படியாக, தினமும் முதல் பீரியடுக்குப் பாண்டிச்செல்விக்கு ஓ.டி. வாசலில் அவள் பணியில் இருப்பாள். ஒன்பது இருபதுக்கு வகுப்புக்கு வருவாள். லட்சுமிகாந்தம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பெயர் அடிக்கப்பட்டதும் சரி, இந்த ஏற்பாடும் சரி, ஒருவருக்கும் தெரியக் கூடாது. யார் கேட்டாலும் படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைத்தான் சொல்ல வேண்டும். பாண்டிச்செல்வி சரி என்றாள். நீங்களாக இருந்தால் மாட்டேன் என்றிருப்பீர்களா?

முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், அக்கா அது நீங்கதானே என்று சுற்றிக்கொள்வார்கள். எப்படிக்கா முடிஞ்சது என்பார்கள். தடைகளைப் படிகளாக்கினால் போதும் என்று அவள் சொல்வாள். இருபதாவது தடவை சொல்லும்போது கூச்சம் போயிருந்தது. நாற்பதாவது தடவை சொல்லும்போது அவளுடைய பார்வை தானாகவே மேலே, கொக்குக் கூட்டத்தைத் தேடிப் போனது. மரத்தடியில் உட்காரப் பழகினாள். 2008இல் முதல் வகுப்பில் தேறி, விருதுநகரில் மிளகாய்த் தூளில் கலப்படம் கண்டுபிடிக்கும் ஆய்வகத்தில் வேலைக்கும் சேர்ந்தபோது, இணையதளத்துக்காக ஒரு வாசகம் கேட்டார்கள். 'நேரம் தவறாமையே என் வெற்றியின் ரகசியம்' என்று அவளே எழுதிக் கொடுத்தாள். அப்போது பேனாவைப் பிடித்து நிறுத்த அய்யம்மாள் பக்கத்தில் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சொந்தக்காரப் பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்து, நான் எல்லாம் உழைப்பு ஒன்றினாலேயே இந்த இடத்துக்கு வந்தேன் என்று போன வாரம் நீங்கள் சொன்னபோது, உங்கள் கண்ணும் கொஞ்சம் மேலே போனதாக அந்தப் பிள்ளைகள் சொல்கிறார்கள். உங்களுடைய முதல் பீரியடுக்கும் யாரோ ஒருவர் ஓ.டி. போட்டிருப்பார். அவர் பெயரை நீங்கள் எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்?

2009 ஆகஸ்டில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாண்டிச்செல்வியின் கைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்கள். அவள் உதட்டை அசைத்து மெல்லப் படித்தாள்.

"அக்கா, என் பேரு பேச்சியம்மாள். நானும் தாயில்பட்டிப் பக்கந்தான். உங்க படத்தைப் பாத்து, நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் வீட்ல சண்டை போட்டு இங்க சேந்தேன். எட்டு மணிக்கு முன்னால பஸ் இல்ல. பேரை அடிச்சுருவோம்னு சொல்றாக. நீங்க எப்படிக்கா ஒம்பது மணிக்கு வந்தீக?"