கெண்டைக்கால் வைத்தியர்

பூங்காவில் புறாக்களுக்கு அடுத்தபடியாகப் பெருகிக் கிடக்கும் இனம் ஒன்று உண்டு: கேட்காமலே வைத்தியம் சொல்பவர். நம்முடையவர் குடிநீர் வாரியத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் குழாய் அடைப்பு நீக்கிய மனிதருக்கு இதயத்து அடைப்பு எம்மாத்திரம்?

"கொழுப்பு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பார். ஆமாம் என்று தலையாட்டினீர்களோ, தொலைந்தீர்கள். உங்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, ஸ்பானர் பிடித்தே காய்த்துப்போன கட்டைவிரலால் கெண்டைக்காலில் ஓர் அமுக்கு அமுக்குவார். நீங்கள் ஐயோ என்று அலறுவீர்கள். அந்த அமுக்குக்குப் பெஞ்சுகூட அலறும்.

"பாத்தீங்களா! மாத்திரை சதையை அரிச்சிட்டிருக்கு. இன்னிக்கே நிறுத்துங்க!"

இப்படித்தான் அவருடைய சொந்தத் தங்கையின் கணவரும் மாட்டினார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகாத மனுஷன், "மாடி ஏறினா கால் வலிக்குது மச்சான்" என்று வாயை விட்டுவிட்டார். கட்டைவிரல் இறங்கியது. மாத்திரை குப்பைக்குப் போனது. கால்வலியும் போய்விட்டது என்று நம்மவர் பூங்கா முழுக்கத் தம்பட்டம் அடித்தார். சில மாதம் கழித்து மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி வந்ததை மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் கடுகடுவென்று நின்றார். "அந்த மாத்திரையால சிலருக்கு தசை வலி வரும்தான். எங்கிட்ட சொல்லியிருந்தா ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு அளவைக் குறைச்சிருப்பேன், இல்ல வேற மாத்திரை குடுத்திருப்பேன். நிறுத்தச் சொன்னது யாரு?"

நம்மவர் சுவரிலிருந்த தீயணைப்புக் குழாயை வெகு அக்கறையாக ஆராய்ந்தார்.

தங்கை அழுதுகொண்டே கேட்டாள்: "அண்ணா, நீங்களும் அதே மாத்திரைதானே சாப்பிட்டீங்க? நீங்க எப்ப நிறுத்தினீங்க?"

அவர் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டார். "இவரா நிறுத்துவாரு? ஒருநாள் எடுத்துவைக்க மறந்தாலே வீட்டை ரெண்டாக்கிடுவாரு!"

"எனக்குத்தான் வலிக்கலையே..." என்று முனகினார்.

எப்படி வலிக்கும்? தன் காலை அவர் ஒருநாளும் அமுக்கிப் பார்த்ததில்லையே!

மாப்பிள்ளை எப்படியோ பிழைத்துக்கொண்டார். நம்மவரும் மறுபடி பூங்காவுக்கு வந்துவிட்டார். வெட்கமா? அதெல்லாம் நமக்குத்தான். இப்போது கெண்டைக்காலை விட்டுவிட்டு முழங்கைக்கு மாறியிருக்கிறார், அவ்வளவே.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துப் பையை எட்டிப் பார்த்து, "அடேயப்பா, இத்தனை மாத்திரையா? உடம்பு என்னத்துக்காகும்!" என்று உச்சுக்கொட்டியது யார்? எங்கே, உங்கள் கட்டைவிரலைக் கொஞ்சம் காட்டுங்கள் பார்ப்போம்.