எல்லாம் எக்டோடெர்ம்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். படித்த அத்தனை பாடத்தையும் மறந்துவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீடு, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் என்று போகிற இடமெல்லாம் கடை விரிக்கிறவர். ஒற்றைப் பாடக்காரர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம்.

மயிலாப்பூர் ஸ்ரீரங்கன் இதில் உயர்ந்த ரகம். கல்லூரியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்திவிட்டுத் தொண்ணூற்று நான்காம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். அவருடைய பாடம் எக்டோடெர்ம். கரு உருவாகும் ஆரம்ப நாட்களில் மூன்று அடுக்காகப் பிரியும். அதில் வெளி அடுக்கு இது. மேல்தோல், முடி, நகம், பல்லின் எனாமல், மூளை, நரம்பு எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. போதாதா? சலூனில் உட்கார்ந்தால் முடி, மாட வீதியில் விழுந்து சிராய்த்தால் தோல், பக்கத்து வீட்டுக் கேபிள் டிவி அலறினால் நரம்பு. வியர்த்தாலும் விடமாட்டார். வியர்வைச் சுரப்பியும் அதே அடுக்காயிற்றே!

மகள் மதுவந்திக்கு வந்த இரண்டு வரன்கள் இந்தப் பாடம் முடிவதற்குள்ளேயே எழுந்து போயிருந்தன. மூன்றாவது வரன் அடையாறிலிருந்து வந்தது. போட்டோவைப் பார்த்ததுமே மதுவந்திக்குப் பையனைப் பிடித்துவிட்டது. ஆகவே மனைவி விஜயலக்ஷ்மி கண்டித்துச் சொல்லிவிட்டாள்.

“அவா கிளம்பற வரைக்கும் அந்த வார்த்தை உங்க வாயில வரப்படாது.”

“வராதுடி.”

பையன் ஸ்ரீவத்சன் உள்ளே வந்தான். போட்டோ பழையது போலிருக்கிறது. தலை பளபளவென்று இருந்தது. ஸ்ரீரங்கனுக்கு நாக்கு ஊறியது. சட்டென்று மின்விசிறியைப் பார்த்தார். பஜ்ஜியை வாயில் அடைத்துக்கொண்டார். பஜ்ஜி போவது இரைப்பைக்கு. அது உள் அடுக்கு, ஆபத்தில்லை.

இப்படியே ஒப்பேற்றியிருப்பார். பையனின் அம்மா விடவில்லை.

“கொழந்தைக்கு முடி கொஞ்சம் கொட்டிடுத்து. ஒளிச்சு வெச்சு என்ன பிரயோஜனம்?”

மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்?

“அதனால என்ன மாமி? முடியும் மூளையும் ஒரே அடுக்குலேர்ந்துதான் வரது. எக்டோடெர்ம்னு பேரு!”

பையனின் அப்பா பத்ரிநாராயணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “ஓஹோ. அப்போ முடி போயிடுத்துன்னா?”

பாடம் நடத்த ஸ்ரீரங்கன் உயர்த்திய விரல் உயர்த்தியபடியே நின்றது. சமையலறை வாசலில் விஜயலக்ஷ்மி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதும் போச்சு என்று ஸ்ரீரங்கனுக்கே புரிந்தது. மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

மதுவந்திதான் பேசினாள்.

“மாமா, எங்கப்பாவைப் பாருங்கோ. அறுபது வயசுல தலைல எவ்வளவு முடி! அந்த அடுக்கு மொத்தமும் முடிக்கே செலவாயிடுத்து. மூளைக்கு மிச்சமே இல்லை.”

முதலில் சிரித்தது ஸ்ரீவத்சன். சிரித்துக்கொண்டே அவளையும் பார்த்தான். அப்புறம் பத்ரிநாராயணனுக்குச் சிரிப்பில் புரையேறியது. அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

“மாப்பிள்ளை சிரிக்கறச்சே தெரியறதே, அந்த எனாமல்கூட...” என்று ஆரம்பித்தார் ஸ்ரீரங்கன். விஜயலக்ஷ்மி இன்னொரு பஜ்ஜியை அவர் வாயில் திணித்தாள்.

‘நல்லவேளை, நான் இந்த ரகமில்லை’ என்று தலையைச் சொறிந்துகொள்கிறீர்களா? சொறிகிற நகம், சொறியப்படுகிற தோல், அப்படி நினைக்கிற மூளை... பார்த்தீர்களா, உங்களுக்கும் தொற்றிவிட்டது. பேசாமல் கையைக் கீழே இறக்குங்கள்.