ஆட்டத்துக்கு முதுகு காட்டிய ஜப்பான்

கேட்பவன் தப்பி ஓட வழியில்லாத இடமாகப் பார்த்து வரலாறு சொல்வதில் ஜப்பானை மிஞ்சிய ஆள் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. லிஃப்டில் சொல்வார். பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு நாற்காலியில் சொல்வார். காரில் என்றால், நாம் சீட் பெல்ட் போடும் சத்தம் கேட்டபின் ஆரம்பிப்பார்.

ஜப்பான் என்று நான் சொல்வது நாட்டை அல்ல. ஃப்ரீமான்ட்டில் என் மகன் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் குடியிருந்த கரூர்க்காரரை. கம்ப்யூட்டர் உத்தியோகம். அமெரிக்கா வருவதற்கு முன் ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். அந்த நாட்டில் ஆறு வருஷம் இருந்தவன் ஒரு ரைஸ் குக்கர் கொண்டு வருவான், ஒரு காமிரா கொண்டு வருவான். இவர் கொண்டு வந்தது ஒரு கால்பந்துக் கிளப்பின் வரலாறு. விமான நிலையத்தில் இதையெல்லாம் பிடித்து வைக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

கோப்பைகள் வாங்கிய கிளப்பாக இருந்தாலாவது மன்னித்திருப்பேன். இது அப்போது மூன்றாம் பிரிவில், பட்டியலின் அடிவாரத்தில் கிடந்த கிளப். பெயரை எழுத மாட்டேன். இதுவரை நான்கு முறை பெயர் மாற்றியிருக்கிறார்கள். நான் எழுதி, இது அச்சாகி வருவதற்குள் ஐந்தாவது வந்துவிடும்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது மௌரி அவென்யூ மளிகைக் கடையில். வெங்காயத்தாள் கட்டு ஒன்றைக் கையில் ஏந்தி, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுகலா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். எங்க கிளப்போட சின்னமுங்க இது. இதுக்குக் கண்ணு, மூக்கு, கால் எல்லாம் வெச்சு மைதானத்துல ஓட விடுவாங்க."

ஒரு ஊரின் வீரத்துக்கு அடையாளமாகப் புலியைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கழுகைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சாம்பாரில் போடுவதைக் கேள்விப்பட்டதில்லை. இந்த ஆளிடம் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

தீர்மானம் நிலைக்கவில்லை. இந்த ஊரில் கார் ஓட்டாத கிழவன் ஒரு பார்சல். யார் தூக்கிக்கொண்டு போகிறார்களோ அவர்களோடு போக வேண்டும். சனிக்கிழமையும் மீட்டிங் வைக்கும் என் மகன், கோயிலுக்கு என்னை அழைத்துப் போகும் பொறுப்பை ஜப்பானிடம் ஒப்படைத்தான்.

வாழ்நாள் முழுவதும் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் நான். எண்ணாமல் உட்கார வராது. கோயிலுக்கு வழியில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் எக்ஸிட் பதினொன்று. முதல் மூன்று எக்ஸிட் வரை ஒரு தையல் மெஷின் தொழிற்சாலையின் கதை. ஷிஃப்ட் முடிந்த தொழிலாளிகள் பொழுதுபோகாமல் பந்தை உதைத்ததுதான் கிளப்பின் பிறப்பு. ஐந்தாவது எக்ஸிட்டில் தொழிற்சாலை நொடித்தது. மெஷின்களை வாங்க ஆள் இருந்தது, கட்டடத்தை வாங்க ஆள் இருந்தது, கால்பந்துக் குழுவைச் சீந்த ஆளில்லை. டோஃபு கடைக்காரர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சேர்ந்து எடுத்து நடத்தினார்கள். தொழில்முறை லீகில் சேர இத்தனை நாற்காலி வேண்டும், இத்தனை விளக்கு வேண்டும் என்று விதி. நாற்காலி போட்ட வருஷம் விளக்கு இல்லை. விளக்கு போட்ட வருஷம் ஆட்டத்தில் தோற்றார்கள். ஒரு வழியாகச் சேர்ந்தபோது எட்டாவது எக்ஸிட்.

"ஜெயிச்ச கதை ஏதும் உண்டாய்யா?" என்றேன்.

"வருதுங்க சார். அதுக்கு இன்னும் ரெண்டு எக்ஸிட் இருக்குது."

ஒரே ஒரு வருஷம் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்களாம். அந்த ஏற்றத்தைச் சொல்லும் ஆவேசத்தில் எங்கள் எக்ஸிட்டை விட்டுவிட்டார். அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வருவதற்குள் கிளப்பும் பழையபடி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. அபிஷேகம் முடிந்து, கான்டீனையும் மூடிவிட்டார்கள்.

இவருடைய ஜப்பானிய மொழியும் மைதானத்தில் கற்றதுதான். ஊக்கப்படுத்தும் கோஷங்களைத் தவிர வேறு வாக்கியம் வராது. ஆபீசில் மேலதிகாரி வந்து சர்வர் படுத்துவிட்டது என்று சொன்னால், "விடாதே, இன்னும் நேரம் இருக்கிறது, எங்கள் பையன்களே" என்று பதில் சொல்வாராம். அதற்கே இரண்டு முறை பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். அந்த நாடு எப்படி முன்னேறியது என்பது எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஒருநாள், "வெள்ளிக்கிழமை மேட்ச் பாக்க வாங்க சார். அங்க சனிக்கிழமை மத்தியானம், இங்க ராத்திரி சாப்புடற நேரம்" என்று அழைத்தார். தெருவில் ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறை போய், சமோசா தீர்ந்ததும் திரும்பி வந்த இடம் அது. நான் போனேன். மருமகள் அன்று ஓட்ஸ் கஞ்சி செய்திருந்தாள்.

சோபாவில் உட்கார்ந்தேன். டிவியில் ஆட்டம் தொடங்கியது. ஜப்பான் கழுத்தில் ஒரு வெளுத்த பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்தபடி நின்றார்.

"என்னய்யா இது, திரும்பி நில்லும்."

"நான் இப்பிடித்தானுங்க சார் நிப்பேன். அங்கயும் இப்பிடித்தான்."

கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பாடும் ரசிகர் கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டாம். அவன் ஒரு பெட்டிமேல் ஏறி, மைதானத்துக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்று பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை திரும்பக் கூடாது. புறமுதுகு காட்டுவது நம் ஊரில் அவமானம். அங்கே அது ஒரு பதவி. கூச்சம் பிடித்த அந்த ஊரில் கத்த ஆள் கிடைக்காமல் தவித்தபோது, கரூர் பஸ் ஸ்டாண்டில் பழகிய இந்தத் தொண்டை அகப்பட்டிருக்கிறது. ஆறு வருஷம் பெட்டிமேல் நின்றிருக்கிறார். ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"அப்புறம் கோல் விழுந்தது எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியுங்க. நாம போட்டா வாயத் தொறப்பாங்க. அவங்க போட்டா மூடிக்குவாங்க. மூடுன வாயத் தொறக்க வெக்கறதுதான் நம்ம வேலை."

சமையலறையிலிருந்து அவர் மனைவி சாந்தியின் குரல் வந்தது. "எங்க கல்யாண வீடியோவப் பாருங்க அங்கிள். தாலி கட்டறப்ப மட்டுந்தான் என்னையப் பாத்தாரு. மத்த நேரமெல்லாம் எங்க சித்தப்பா பெரியப்பா மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னாரு."

ஆட்டம் முழுவதும் என் முகத்தையே படித்துக்கொண்டிருந்தவர், இடைவேளையில் சலித்துப்போய்ச் சொன்னார்: "உங்க மூஞ்சிய வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலைங்க சார். எப்பவுமே ரெண்டு கோல் பின்னாடி இருக்கற மாதிரியே இருக்குது."

எழுபத்தைந்து வருஷமாகப் பாதுகாத்து வைத்திருக்கும் முகம். இவருக்காக மாற்றிக்கொள்வதாக இல்லை. ஆனாலும் அடுத்த வெள்ளியும் போனேன். அதற்கடுத்த வெள்ளியும். கஞ்சி தொடர்ந்தது.

அந்த வருஷம் கிளப் மோசமாகச் சரிந்து, கடைசி ஆட்டத்துக்கு வரும்போது கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. டிரா செய்தால் பிழைக்கலாம். தோற்றால் தொழில்முறை லீகிலிருந்தே வெளியேற்றம். அமெச்சூர்களோடு ஆட வேண்டும். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை என்பதால் தெருவே காலி. என் மகன் குடும்பம் பனியில் சறுக்கப் போயிருந்தது. வழுக்கி விழுவதற்குக் காசு கொடுத்துப் போகும் பயணம் எனக்குத் தேவையில்லை என்று வீட்டில் இருந்துவிட்டேன். ஜப்பானே வந்து கதவைத் தட்டினார்.

"வாங்க சார். முன்னாடி ஒரு மூஞ்சியாவது வேணுமுங்க."

"தோத்தா என்னய்யா முழுகிப் போகும்?"

"டிவில காட்ட மாட்டாங்க. ஆடற பசங்க பாதிப் பேரு வேற கிளப்புக்குப் போயிருவாங்க. அந்த டோஃபு கடைப் பெரியவரு இன்னும் வாசல்ல நின்னு டிக்கெட் கிழிச்சுட்டு இருக்காருங்க. அவரு காலத்துக்குள்ள மறுபடி மேல வர முடியுமான்னு தெரியல."

சாந்தி தட்டில் வைத்த தோசையை அவர் தொடவில்லை. துண்டைக் கழுத்தில் போட்டு, டிவிக்கு முதுகு காட்டி நின்றார். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் பந்து எதிரணி வலைக்குள் போவதைப் பார்த்து நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். ஜப்பான் குதித்ததில் மேஜை விளக்கு கீழே விழுந்தது. அது ஆஃப்சைடாம், கணக்கில் சேராதாம்.

"லைன்ஸ்மேன் கொடி தூக்குனா உக்காந்துரோணுங்க அங்கிள்" என்று சாந்தி விளக்கை எடுத்து வைத்தாள். "அவரு பாவம், உங்களத்தான் நம்பிட்டு நிக்கறாரு."

அதன்பின் அசையாமல் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிஷம்தான். எதிரணிக்காரன் ஒருவன் அடித்த பந்து நம் ஆளின் குதிகாலில் பட்டு, வேறு வேலையில்லாததுபோல் மெதுவாக உருண்டு, நம் வலைக்குள்ளேயே போய் நின்றது. நம் என்று எழுதிவிட்டேன். ஜப்பானுடைய கிளப்பின் வலைக்குள் என்று படித்துக்கொள்ளவும்.

ஜப்பான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்த்த நெற்றி, சாப்பிடாத வயிறு, தூக்கிய கை. எனக்கு என்ன தோன்றியதோ, சிரித்தேன். முடிந்தவரை பல் தெரியவே சிரித்தேன்.

அவர் கை மெல்லக் கீழே இறங்கியது.

"போயிருச்சுங்களா சார்?"

"யாருய்யா சொன்னது?"

"நீங்க சிரிச்சு இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்."

விசில் ஊதும்வரை அவர் திரும்பவில்லை. தொண்டை கட்டும்வரை எனக்கு எதிரே நின்று பாடினார். ஊதியபின் திரும்பினார். டிவியில் ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து ரசிகர்கள் முன்னால் நின்று, இடுப்பு மடிய வணங்கினார்கள். ஒருவன் நிமிரவே இல்லை. பந்து பட்ட குதிகால்காரனாக இருக்க வேண்டும். கூட்டம் அவனுக்காகக் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தது.

"சின்னப் பசங்களா இருக்காங்க சாந்தி" என்றார் ஜப்பான். பிறகு டிவியைப் பார்த்து அவரும் இடுப்பு மடிய வணங்கினார்.

டிவிப் பெட்டிக்குக் கும்பிடு போடும் மனிதரை என்னவென்று சொல்வது? நானும் எழுந்து நின்றேன். நெடுநேரம் உட்கார்ந்ததில் மூட்டு பிடித்திருந்தது.

அடுத்த கோடையில் கம்பெனி அவரை டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்கு மாற்றிவிட்டது. இப்போது என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறவர் ஓர் எக்ஸிட்டையும் தவறவிடுவதில்லை. வழி நெடுக வாயையும் திறப்பதில்லை. பயணம் முன்பைவிட நீளமாக இருக்கிறது. கிளப்பின் ஆட்டத்தை எந்த டிவியிலும் காட்டுவதில்லை, ஸ்கோர் மட்டும் இணையத்தில் வரும். வெள்ளிக்கிழமை சாப்பாடானதும் ஜப்பான் வீடியோ காலில் வருவார். ஸ்கோரை அவர் பார்க்க மாட்டார். நான் என் மகனின் லேப்டாப்பில் பார்த்துவிட்டு நிமிர வேண்டும். அவர் என் முகத்தைப் படிப்பார்.

போன வாரம் மூன்று கோல் போட்டு ஜெயித்திருந்தார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டெக்சாஸில் ஒரு மனிதர் பயந்துபோவாரே என்று, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவரை நன்றாக முறைத்தேன்.