சர்வரேஸ்வர சுவாமிகளும் நீல வயரும்

ஆரணியில் அந்த மாதம் கல்யாண மண்டபம் கிடைக்காமல் இரண்டு கல்யாணங்கள் தள்ளிப்போயின. மண்டபத்தைப் பிடித்து வைத்திருந்தவர் சர்வரேஸ்வர சுவாமிகள். பக்தர்கள் வந்தவாசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கலசப்பாக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வாசலில் விட்ட செருப்பில் பாதி திரும்பும்போது காணாமல் போனது. அதைக் கண்டுபிடிக்கும் சக்தி மட்டும் சுவாமிகளுக்கு இல்லை.

அற்புதம் சர்வரில் நடந்தது. சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி வைப்பவர் அல்ல. பட்டுக் கடையின் ஆன்லைன் ஆர்டர், தறிக்குப் போகும் டிசைன், எல்லாவற்றையும் சுமக்கும் பெரிய கம்ப்யூட்டர். ஆபரேட்டிங் சிஸ்டம், சுருக்கமாக ஓஎஸ், ஏற்றாதவரை அது வெறும் தகரப் பெட்டி. அப்படி ஒரு வெற்றுப் பெட்டியை மாலை போட்டு மேடையில் வைப்பார்கள். சுவரிலிருந்து வரும் ஒரு நீல வயரை அதில் மாட்டுவார்கள். அதற்கு 'ஞானக் கயிறு' என்று பெயர். சுவாமிகள் பத்தடி தள்ளி உட்கார்ந்து, எதையும் தொடாமல், கையை மட்டும் நீட்டி, "ஓம் பூட்டாய நமஹ!" என்பார். கம்ப்யூட்டர் பாஷையில் விழிப்பதற்குப் பெயர் 'பூட்'. திரை விழிக்கும். எழுத்துகள் ஓடும். சிஸ்டம் தானாக ஏறும். மண்டபமே எழுந்து கும்பிடும்.

காணிக்கை ஒரு பட்டுப் புடவை. துறவிக்குப் புடவை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் நஷ்டம் கடைக்காரர்களோடு போயிருக்கும். "உடம்புக்கும் ஒரு ஓஎஸ் உண்டு பக்தர்களே! பழுதானால் யாம் இங்கிருந்தபடியே புதிதாக ஏற்றுவோம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து மூட்டு வலிக்காரர்களும் காச நோயாளிகளும் வந்து குவிந்தார்கள்.

பரிமளாவுக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது. அவள் கணவன் கமலக்கண்ணனுக்குப் பட்டுக் கடையும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது.

"ஏங்க, மாத்திரை போட்டீங்களா?"

"சாமி எனக்கு ஏத்திகினு இருக்காரு பரிமளா. முப்பது பர்சன்ட் ஆயிடிச்சாம். நடுவுல மாத்திரை போட்டா ஹேங் ஆயிடுமாம்."

பரிமளா கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்த்தவள். "இன்னாங்க இது பேஜாரு? நான் சீட்ல குந்திகினே ஒரு ரூம் மெஷினுக்கும் ஏத்தியிருக்கேன். காலியா இருக்கற மெஷின் முழிச்சதும் 'எனக்கு சிஸ்டம் குடுக்கறது யாரு?'ன்னு வயர்ல கேக்கும். வயரோட அந்தாண்ட முனையில இருக்கற கம்ப்யூட்டர் 'இந்தா'ன்னு அனுப்பும். அவ்ளோதான்!"

"நீ ஏத்தினது சம்பளத்துக்கு. அவரு ஏத்தறது அருளால."

அந்த நாளில் அவளுக்கு யாரும் மாலை போட்டதில்லை. மேஜையில் டீ கொட்டியதற்கு மேனேஜர் திட்டியதுதான் மிச்சம்.

அன்று அவன் கால் கழுவும்போது கட்டைவிரலின் அடியில் ஒரு புண்ணைப் பார்த்தாள். சீழ் கோத்திருந்தது. "எப்போலேந்து?" என்றாள். "எது?" என்றான் அவன். சர்க்கரையில் கால் மரத்துப்போய் வலியே தெரியவில்லை அவனுக்கு. ஆஸ்பத்திரிக்கு வரும்படி பரிமளா கெஞ்சினாள், அழுதாள். அவன் அசையவில்லை. சரி, இனி இவனிடம் பேசிப் பயனில்லை, மேடையில்தான் பேச வேண்டும் என்று முடிவுசெய்தாள்.

"நம்ம கடைக்குப் புதுசா வாங்கின சர்வரை சாமிகிட்ட கொண்டுபோலாங்க" என்றாள் மறுநாள் காலையில். மனைவிக்கும் ஞானம் வந்துவிட்டதே என்று அவன் பூரித்துப்போனான்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பெட்டி மேடையேறியது. சீடர் வயரோடு வந்தபோது பரிமளா கைகூப்பினாள். "என் கையால நானே மாட்டறேன் சாமி." சுவாமிகள் கருணையோடு தலையசைத்தார். அவளோ ஞானக் கயிற்றை வாங்கித் தரையில் நழுவவிட்டு, காணிக்கைத் தட்டு இருந்த மேஜைக்கு அடியிலிருந்து வேறொரு நீல வயரை எடுத்து மாட்டினாள். அதன் மறுமுனை, பெட்டி மேடையேறியபோது அவள் அங்கே ஒளித்து வைத்த லேப்டாப்பில் இருந்தது.

"ஓம் பூட்டாய நமஹ!"

சுவாமிகளின் இடுப்பில் போன் நடுங்கியது. அவர் கண்டுகொள்ளவில்லை. திரை விழித்தது, எழுத்துகள் ஓடின. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டியபடி கைகளை விரித்தார்.

"பார்த்தீர்களா! யாம் அனுப்பிய ஆன்மா! எம் மூச்சிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு எழுத்தும்..."

முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. சுவாமிகள் திரும்பினார். திரையில் பெரிய எழுத்தில் நின்றது: 'இதை ஏற்றியது பரிமளா. கமலக்கண்ணன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.'

பரிமளா லேப்டாப்பை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். பிறகு வயரைப் பிடுங்கி, பெட்டிக்குள் ஏற்றியதை அழித்தாள்.

"இப்போ காலி. எந்த வயரும் இல்ல. உங்க மூச்சால ஏத்துங்க சாமி. எங்க வீட்டுக்காரர் உடம்புல எந்த வயரும் இல்லாமதானே ஏத்தறீங்க?"

சுவாமிகள் கையை நீட்டினார். மந்திரம் சொன்னார். சத்தமாகச் சொன்னார். திரை கறுப்பாகவே இருந்தது. காவி வியர்வையில் நனைந்தது. கடைசியில் பொறுமை போய், சுத்தத் தமிழும் போய்க் கத்தினார்:

"இன்னாம்மா நீ! வயரு இல்லாம எப்டிம்மா ஓஎஸ் ஏறும்?"

"அட, அதைத்தானே அந்தம்மா கேக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததும் கூரை அதிரச் சிரிப்பு. நாலைந்து பேர் ஞானக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி ஏறினார்கள். மாடி அறையில் சுதாகர் என்ற தலைமைச் சீடர் லேப்டாப்பும் கையுமாக, "சாமி ஏன் போன் எடுக்க மாட்டேங்கறாரு?" என்று கவலையோடு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிலும் கொசுவலைபோலத் தொங்கின காணிக்கைப் பட்டுப் புடவைகள். யாரோ போன் செய்து வரவழைத்த போலீஸ் ஜீப்பில் சுவாமிகளையும் சுதாகரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

கமலக்கண்ணன் தானே போய் ஆட்டோவில் ஏறினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும்" என்றார். கமலக்கண்ணன் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஒரு முட்டாளு பரிமளா."

"அதை அப்புறம் பேசிக்கலாம். வாயத் தெறங்க, மாத்திரை."

மறுவாரம் கடை திறந்தபோது வாசலில் கூட்டம். புடவை வாங்கத்தான் என்று நினைத்தாள் பரிமளா. முள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒருவர் கற்பூரத் தட்டை நீட்டி, தடாலென்று அவள் காலில் விழுந்தார்.

"தாயே! அந்தப் போலிச் சாமியையே ஒரு பார்வையில சாய்ச்சிட்டீங்க. நீங்கதான் நெசமான சக்தி! எம்புள்ளைக்கு ஒரு வேலை ஏத்திக் குடுங்க!"

பின்னால் நின்றவர்களும் விழுவதற்கு வசதியாக இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிமளா கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

"ஜல்தியா எழுந்திருங்க. கால்ல விழுந்தா என் கட்டைவிரல்தான் தெரியும். நிமிந்து நின்னு 'எப்படி?'ன்னு கேளுங்க, சொல்லித் தரேன். அந்த ஆளு ஏமாத்தினது ஒரு மாசம். கேக்காம இருந்து நம்மள நாமளே ஏமாத்திக்கறது எத்தினி வருசமா?"