மச்சான் பிடித்த மீன்

"கடல் தெரியுதா மாப்ள?"

"தெரியுது மச்சான். ஆனா தலைக்கு மேல தெரியுது."

கென்-மிங் வி.ஆர். கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னான். சோபாவில் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த ஆ-தே, அவன் மனைவியின் அண்ணன், சிரித்ததில் விதை பறந்துபோய் டிவியில் ஒட்டிக்கொண்டது. மனுஷன் சற்று முன்புதான் தன் மடிக்கணினியில் இதே மீன்பிடி விளையாட்டில் கூடை நிறைய மீன் பிடித்துக் காட்டியிருந்தார்.

பந்தயம் இதுதான். சமையலறையில் ஆ-தேயின் மனைவி ஷூ-ஃபென் வேகவைக்கும் கொழுக்கட்டை மேசைக்கு வருவதற்குள், கென்-மிங் தன் லினக்ஸ் கணினியில் ஒரு மீனாவது பிடிக்க வேண்டும். இல்லையென்றால் லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போட வேண்டும். பத்து வருஷமாக வேறெதையும் தொடாதவன், சின்ச்சு நகர லினக்ஸ் சங்கத்தின் செயலாளர் வேறு. வீறாப்பாகக் கையடித்துக் கொடுத்துவிட்டான்.

"ஒரே ஒரு கட்டளை. சரியாயிடும்."

தட்டினான். கடல் கீழே இறங்கியது. சத்தம் போய்விட்டது.

சத்தத்துக்கு இன்னொரு கட்டளை. சத்தம் வந்தது, டிவியில். அலை இரைந்த இரைச்சலில் குழாய்தான் உடைந்துவிட்டதென்று அவன் மனைவி யூ-சுவான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இதுக்குத்தான் விண்டோஸ்ங்கிறது!" என்றார் ஆ-தே. "கண்ட விளம்பரத்தையும் அமுக்கி என் பொட்டியும் ஒருகாலத்துல படுத்துத்தான் கெடந்துச்சு. போன வருஷம் எம்பொண்ணு உள்ள என்னமோ சுத்தம் பண்ணிக் குடுத்தா. அன்னைலேர்ந்து குதிரை மாதிரி ஓடுது!"

கென்-மிங்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளையே புதுப்பித்தான். திரை மொத்தமாகக் கறுத்தது.

"பச்சைப் பாக்கெட்டப் பாத்தீங்களா?" என்றாள் யூ-சுவான்.

கணினி சமர்த்தாக நடந்துகொள்ள அதன் தலையில் பச்சைப் பாக்கெட் தேங்காய்ப் பொரி வைக்காத வீடு அந்த ஊரில் உண்டா? இங்கேயும் இருந்தது. ஆ-தே அதைத் திருப்பிப் பார்த்தார்.

"அடப்பாவி மாப்ள! தேதி முடிஞ்சிருச்சு!"

லினக்ஸை எத்தனையோ கேலி செய்தவர்தான். இதற்கு அவரே எழுந்து நின்றுவிட்டார்.

கென்-மிங் வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் ஓடினான். தெருமுனைக் கடையில் மஞ்சள் பாக்கெட்தான் இருந்தது. மஞ்சளை வைத்தால் இருக்கிற கணினியும் போய்விடும். அடுத்த கடையில் பச்சை கிடைத்தது. இரண்டு கையாலும் ஏந்திவந்து வைத்தான். கணினியை ஆன் செய்து, கண்ணாடியை மாட்டினான்.

கடல்! நேரான கடல்! காதில் அலை! தூண்டிலை வீசினான். சுளீரென்று இழுத்தது மீன்.

"வந்துருச்சு! வந்துருச்சு மச்சான்!"

சுண்டி இழுத்தான் பாருங்கள், முழங்கை போய்ப் பாக்கெட்டில் இறங்கியது. பட்டென்று வெடித்து வீடெங்கும் பொரி. கடல் அணைந்தது.

"கொழுக்கட்டை ரெடி!" என்றது சமையலறை.

"வாக்குன்னா வாக்குதான் மாப்ள," என்று ஆ-தே விண்டோஸ் பென் டிரைவை நீட்டினார்.

கென்-மிங்குக்கு அழுகையே வந்துவிட்டது. யூ-சுவான் தோளைத் தட்டிக்கொடுக்க, கண்ணை மூடிக்கொண்டு 'அழி' என்பதை அமுக்கினான்.

தட்டோடு வந்த ஷூ-ஃபென் திரையைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"ஐயோ அண்ணே, இத எதுக்கு அழிச்சீங்க? இவரு கத்துவாருன்னுதான் எங்க பொண்ணு இவரு பொட்டியில மேலாக்க விண்டோஸ் படத்த ஒட்டி வச்சிருக்கா. ஒரு வருஷமா இவரு மீன் பிடிக்கிறதே லினக்ஸ்லதானே!"