இமயமலைத் துவாய்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் முதலில் உத்தியோகத்தை விசாரிப்பார்கள். பிறகு குடும்பத்தை. பிறகு குடிக்கிறவனா என்று. என் மாமனார் பொன்னுத்துரையர் விசாரித்தது துவாயை.

பகிடி இல்லை. அவருக்கு அப்படியொரு கொள்கை. "தம்பி, சாப்பாட்டை ஆரும் போடுவினம். சாப்பிட்டுக் கை கழுவினவனுக்குத் துவாய் எடுத்துக் குடுக்கிறான் பார், அவன்தான் ஒரு குடும்பத்தைப் பாப்பான்" என்பார். அந்தப் பரீட்சையில் நான் எவ்வளவு கேவலமாகத் தோற்றேன் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருதடவையாவது சொல்லிவிட்டார்கள். நான் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?

அப்போது நான் சுன்னாகத்துக்கு அருகே ஒரு பிரதேச செயலகத்தில் புதிய அபிவிருத்தி உத்தியோகத்தர். வீடு நெல்லியடியில். தினமும் மோட்டார் சைக்கிளில் வந்துபோவேன். பொன்னுத்துரையர் எங்கள் பிரிவில் இருக்கும் ஒரு வெங்காயக் கிராமத்தின் அபிவிருத்திச் சங்கத் தலைவர். எப்போதிருந்து தலைவர் என்பது ஊரில் எவருக்கும் ஞாபகம் இல்லை. அவருடைய மகள் சுகந்தியை எனக்குப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. சுகந்திக்கும் சம்மதம். எனக்குச் சம்மதம் என்பது, தேவையே இல்லாத கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் அந்தக் கிராமத்துக்கு அலைந்த அலைச்சலிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொன்னுத்துரையர் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"பொடியன் நல்ல பொடியன்தான். ஆனால் பொறுப்புக் காணாது" என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இமயமலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

இந்தியாவின் வடக்கு எல்லையில், இமயமலைக்குள் இருக்கும் ஒரு மாவட்டம். அதன் அதிகாரிகளும் சில கிராமத் தலைவர்களும் எங்கள் பங்குக் கிணறுகளைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. ஒரு கிணற்றைப் பல தோட்டக்காரர்கள் முறைவைத்து இறைப்பதுதான் பங்குக் கிணறு. மலையில் ஊற்றுகள் வற்றிக்கொண்டு வருகின்றனவாம். ஆறே இல்லாத சனம் எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாம். (சமாளிக்கிறதோ? "என்ரை முறையிலை நீ எப்பிடி மோட்டரைப் போட்டனீ?" என்று விடியப்புறம் கிளம்பும் சத்தத்தை அவர்கள் கேட்டிருக்கவில்லை.)

பிரதேச செயலாளர் கூட்டம் வைத்து வேலைகளைப் பிரித்தார். சமையல், பந்தல், நிறைகுடம் என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் பொன்னுத்துரையர் தொண்டையைச் செருமினார்.

"துவாய்ப் பொறுப்பைத் தம்பியிட்டைக் குடுங்கோ, சேர்."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது துவாய் அல்ல, சுகந்தி என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அன்று பின்னேரம் சுகந்தியிடமிருந்து என் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. காதல் செய்தி என்று ஓடிப்போய் வேம்பின் கீழே நின்று திறந்து பார்த்தேன். "துவாய். மறந்திடாதேங்கோ" என்று இருந்தது.

மறக்கவில்லை. நெல்லியடிக் கடையில் நல்ல வெள்ளைத் துவாய்களாகப் பார்த்து வாங்கினேன். அம்மா ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "புதுத் துவாய் தண்ணி பிடிக்காது மோனை. நனைச்சுக் காயப்போட்டுத் தாறன்" என்று அத்தனையையும் துவைத்துக் கொடியில் போட்டார். மறுநாள் காலை நான் சட்டையை மினுக்கிப் போட்டு, தலையை இழுத்து வாரி, கண்ணாடியில் பொறுப்பான முகம் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுப் புறப்பட்டேன். பொறுப்பான முகம் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. துவாய்கள் கொடியிலேயே நின்றுவிட்டன.

விருந்தினர்களின் வான் வந்து நின்றதும் முதலில் இறங்கியது மாவட்ட அதிகாரி டோல்மா. குள்ளமான பெண்மணி, தடித்த சப்பாத்து, சிரித்தால் கண்கள் காணாமல் போய்விடும். இறங்கியவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "மலையே இல்லையே. உங்கள் ஊர் எங்கே முடிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். தமிழில் சொன்னேன். பொன்னுத்துரையர் யோசிக்கவே இல்லை.

"வேலி இருக்குது, அம்மா."

டோல்மாவின் உதவி அதிகாரி, தாடி வைத்த மனிதர், ஒரு துணிப்பையை என் கையில் தந்தார். "இது பத்திரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊர்ப் பெரியவர்களுக்கு" என்றார். நானும் பொறுப்பாக வாங்கி மண்டப வாசலில் இருந்த மேசைக்குக் கீழே வைத்தேன்.

பொது நோக்கு மண்டபத்தில் டோல்மா பேசினார். ஊர் வாயைப் பிளந்து கேட்டது. அங்கே சில கிராமங்களுக்குத் தெருவே கிடையாது, ஏறித்தான் போக வேண்டும். பனி விழுமுன்னர் அரிசியும் மருந்தும் மேலே போய்ச் சேர வேண்டும். மேலே போன உத்தியோகத்தர் இறங்கப் பிந்திவிட்டால் கணவாய் மூடிவிடும். பிறகு பனி உருகும்வரை அந்த ஊரில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்து, மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். (எங்கள் கந்தோரில் சிலர் அந்த மாவட்டத்துக்கு இடமாற்றம் கிடைக்குமா என்ற முகத்தோடு இருந்தார்கள்.)

"எங்கள் கிராமங்களில் தலைவர் பதவி வீட்டுக்கு வீடு முறைவைத்து மாறும்" என்றார் டோல்மா. "வருடம் முடிந்தால் அடுத்த வீடு. யாரும் மறுக்க முடியாது. யாரும் வைத்துக்கொள்ளவும் முடியாது."

நான் இதை மொழிபெயர்த்து முடித்ததும் மண்டபத்தில் இருந்த எல்லாத் தலைகளும் மெதுவாகப் பொன்னுத்துரையரின் பக்கம் திரும்பின.

"நல்ல முறை" என்றார் அவர். "மலைக்கு நல்ல முறை."

"இஞ்சையும் வீடுகள் இருக்குதுதானே, தலைவர்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"சாப்பாடு ஆறுது. வாங்கோ, வாங்கோ!" என்று அவர் எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை. சைவச் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய், பருப்பு, மோர்மிளகாய் என்று வாழையிலை நிறைந்திருந்தது. குழம்பு எங்கள் கறித்தூளின் நிறத்தில், சிவப்பும் மஞ்சளுமாக, தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிற வகை. பரிமாறிய பெண்களுக்குள் சுகந்தியும் நின்றாள். பாயாச வாளியோடு என்னைக் கடந்துபோகையில் மெதுவாக, "துவாய்?" என்றாள்.

நான் பெருமையாகத் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டுக் கொடி கண்ணுக்குள் வந்தது.

விருந்தினர்கள் கை கழுவக் கிணற்றடிக்குப் போனவர்கள், கிணற்றைக் கண்டதும் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் மண்டப வாசலில் வாளித் தண்ணீரில் கை கழுவிவிட்டு, ஈரக் கைகளை நீட்டியபடி வரிசையாக நின்றார்கள். முதலாவதாக என் வருங்கால மாமனார். அருகில் பழைய பேப்பர் கட்டு ஒன்று கிடந்தது. அதை நீட்டினால் சுகந்தியை மறந்துவிடலாம். சாப்பிட்டவன் கையில் கடதாசியைக் கொடுப்பது பார்சல் கடைக்காரன் வேலை என்பது அவருடைய கொள்கையின் இரண்டாம் பாகம்.

அப்போதுதான் மேசைக்குக் கீழே கிடந்த பை ஞாபகம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஊர்ப் பெரியவர்களுக்கு. திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, அழகாக மடித்த துணிகள்!

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பண்பான சனம்! விருந்துக்கு வந்த இடத்தில், வீட்டுக்காரன் கை துடைக்கத் துவாய் கொண்டுவந்திருக்கிறார்களே!

ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு கையாலும் பணிவாகக் கொடுத்தேன். துணி நீளமாக, வழுவழுவென்று, கரையில் குஞ்சம் வைத்து இருந்தது. பொன்னுத்துரையர் கையைத் துடைத்தார். வாயைத் துடைத்தார். மீசையில் இருந்த பாயாசத்தைத் துடைத்தார்.

"என்ன தம்பி உது? தண்ணி பிடிக்குதில்லை. வழுக்கிக்கொண்டெல்லோ போகுது!"

"அது இமயமலைத் துவாய், ஐயா" என்றேன், பிறந்ததிலிருந்து அதில்தான் முகம் துடைத்தவன்போல. "அங்கை குளிர். தண்ணி பிடிச்சால் விறைச்சுப் போடும்."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். வாழ்க்கையில் முதன்முதலாக என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார். ஒருவர் கழுத்து வேர்வையைத் துடைத்தார். இன்னொருவர் மூக்கைச் சிந்தினார். துடைத்து முடித்தவற்றை நான் நீலப் பிளாஸ்டிக் பேசினுக்குள் பொறுப்பாகச் சேர்த்தேன்.

கிணற்றடியிலிருந்து திரும்பிய தாடிக்காரர் அந்தப் பேசினைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் விளக்கினார். அவர்கள் மலையில் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அந்த வெள்ளைத் துண்டைக் கழுத்தில் போடுவது. பிள்ளை பிறந்தால், கலியாணம் நடந்தால், பெரியவர்களைக் கண்டால் போடுவார்கள். கோயிலில் தெய்வத்துக்கும் சாத்துவார்கள். இந்தத் துண்டுகள் மடாலயத்தில் வைத்து ஆசீர்வதிக்கப்பட்டவை.

நான் பேசினைப் பார்த்தேன். ஆசீர்வாதத்தின் மேல் கத்தரிக்காய் விதைகள் ஒட்டியிருந்தன.

பிரதேச செயலாளர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "நீர் திங்கட்கிழமை ஒப்பீசுக்கு வாரும், கதைப்பம்" என்றார். வேலை போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. சமையல் பக்கத்துக் கதவருகில் சுகந்தி நின்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

டோல்மாவின் காதில் தாடிக்காரர் விஷயத்தைப் போட்டார். அவருடைய கண்கள் காணாமல் போயின. நேராகப் பேசினடிக்கு வந்தார், மேலே கிடந்த துண்டை எடுத்து உதறினார், மேடையேறி மைக்கைப் பிடித்தார். என்னையும் கூப்பிட்டார். என் மானம் போவதை நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்கள் மலையில் இந்தத் துண்டு ஒருவரிடமே தங்கிவிடாது" என்றார் அவர். "தந்ததை எடுத்து இன்னொருவருக்குப் போடுவோம். அது எத்தனை கை மாறினாலும் மதிப்புக் குறையாது. நாங்கள் போடுவதற்கு முன்னரே இவை உங்கள் ஊரின் கைகளுக்குப் போய்விட்டன. அதுவும் நல்லதுதான்."

சொல்லிவிட்டு அந்தத் துண்டைப் பொன்னுத்துரையரின் கழுத்தில் போட்டார். அவர் கும்பிட்டபடி குனிந்தார். குனிந்தவருடைய மூக்கு ஒருமுறை சுருங்கியது. துண்டின் நுனியைத் தூக்கி மணந்து பார்த்தார். நான் ஏற்கெனவே செத்துவிட்டேன்.

"உது நான் துடைச்சது" என்றார் மைக்கில். "என்ரை பாயாசம் கிடக்குது!"

சமையல் பக்கத்திலிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. அது சுகந்தி. பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. டோல்மா மேடையிலேயே குந்தியிருந்து சிரித்தார். பொன்னுத்துரையரும் சிரித்துக்கொண்டே, தன் தோளில் கிடந்த கரைச்சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். மிச்சத் துண்டுகளும் ஒவ்வொன்றாக மற்றப் பெரியவர்களின் கழுத்தில் ஏறின. மூக்குச் சிந்தியவர் தன்னுடையதைத் தானே தேடியெடுத்துக் கொடுத்தார். அந்த நன்றியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு பொன்னுத்துரையர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் வாங்கின துவாய் எங்கை?"

"வீட்டுக் கொடியிலை காயுது, ஐயா."

"ம்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போனேன். கொடியில் துவாய்கள் நன்றாகக் காய்ந்து, பூப்போல மென்மையாக இருந்தன. ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்தேன். நன்றாகவே தண்ணீர் பிடித்தது.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். நான் அறைக்குள் ஒளிந்திருந்து கேட்டேன். "பெரியவர் ஓமெண்டுட்டார். துவாய் இல்லையெண்ட உடனை கடதாசியை நீட்டாமல், எங்கையோ கிடந்த ஒரு துணியையெண்டாலும் தேடிக் கொண்டந்து தந்தவன், அது காணுமாம், வேறை ஒண்டும் வேண்டாமாம்" என்றார். திங்கட்கிழமை ஒப்பீசில் வாங்கிய ஏச்செல்லாம் அந்த நிமிடமே மறந்துபோயிற்று.

கலியாணத்துக்கு மலையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு வெள்ளைத் துண்டும் ஒரு தடித்த குளியல் துவாயும். ஒன்றில் "கழுத்துக்கு" என்றும் மற்றதில் "கைக்கு" என்றும் ஆங்கிலத்தில் எழுதிய அட்டைகளை டோல்மா குத்தி அனுப்பியிருந்தார்.

பாயாசம் பட்ட துண்டு இப்போது சங்க மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. மாமா அதைப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுவார். (தலைவர் அவர்தான். முறை இன்னும் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை.) எங்கள் வீட்டில் துவாய்ப் பொறுப்பு இன்றும் என்னுடையது. விருந்தினர்கள் சாப்பிட்டு எழும்ப, நான் மடித்த துணியோடு போய் நிற்பேன். உடனே குசினிக்குள் இருந்து சுகந்தி சத்தம் போடுவாள்:

"பாத்துக் குடுங்கோ! கழுத்துக்கோ, கைக்கோ?"

வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். மாமா மட்டும் கழுத்தையும் கையையும் சேர்த்தே நீட்டுவார்.