கனகவல்லிக்கு நான் வைத்த இங்கிலீஷ் பரீட்சை

இந்தியா முன்னேற வேண்டுமானால் வீட்டுக்கு வீடு இங்கிலீஷ் பேச வேண்டும் என்று மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பு முழுக்கச் சொல்லிவந்தவன் நான். சங்கக் கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். அந்த 'வீட்டுக்கு வீடு' கணக்கில் என் வீடும் உண்டு என்பது மட்டும் தோன்றவில்லை.

ஒருநாள் என் மனைவி கனகவல்லி, மாதாப்பூரில் கால் சென்டர் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அமெரிக்கர்களின் புகாரை போனில் கேட்டுச் சமாதானம் சொல்கிற வேலை. சாயங்காலம் போனால் விடியற்காலையில்தான் வருவாள். அப்புறம் என் ரசத்துக்கு யார் பொறுப்பு? ஆனால் ஊருக்கு உபதேசம் செய்தவன் எந்த முகத்தோடு மறுப்பது? யோசித்து ஒரு சூழ்ச்சி செய்தேன்.

"தாராளமா போ. ஆனா நான் வைக்கிற இங்கிலீஷ் பரீட்சைல பாஸ் பண்ணிட்டுப் போ. அதுவரைக்கும் வீட்டுல இங்கிலீஷ் மட்டும்தான்."

என்னுடையது ரயில்வே கடிதம் எழுதி எழுதிப் பழுத்த இங்கிலீஷ். என்னிடம் இவளாவது பாஸ் செய்வதாவது! மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்ததும் இங்கிலீஷில் காபி கேட்டேன். அழைத்ததற்கு நன்றி, உங்கள் காபி எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து காத்திருங்கள் என்று தேனொழுகும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். காத்திருந்தேன். குரலை உயர்த்தினேன். உங்கள் வருத்தம் புரிகிறது சார் என்றாள். கத்தினேன். பெயர் கேட்டாள். புருஷன் பெயர் தெரியாதா என்றேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். லக்ஷ்மிநாராயணன் எவ்வளவு நீளமான பெயர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சரிபார்க்கிறேன், லைனிலேயே இருங்கள் என்று சொல்லி, வாயாலேயே ஒரு மெட்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

"அடியே, தலை வெடிக்குதுடி. காபியைக் குடு."

தமிழ்ச் சேவை இன்னும் தொடங்கவில்லை என்று இங்கிலீஷில் வருத்தம் தெரிவித்தாள்.

"சரி, நீ பாஸ். தாயே, நீ பாஸ்."

காபி வந்தது. வேலைக்கும் போனாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அமெரிக்காவையே அதட்டாமல் அடக்குகிறாளே! விடியற்காலையில் கம்பெனி கார் வந்து நின்றால் குடியிருப்பே எட்டிப் பார்க்கிறது. எல்லாம் நான் கொடுத்த பயிற்சி என்று பக்கத்து வீட்டு ராகவேந்திராவிடம் மார்தட்டினேன்.

"ஹவ், ஆமா சார், மேடம் சொன்னாங்க. உங்க பரீட்சைக்கு முன்னாடியே வேலை கெடைச்சிடுச்சாம். அன்னிக்கே, யாராவது கோவக்கார ஆளாப் பார்த்துப் பேசிப் பழகிட்டு வாங்கன்னு கம்பெனில சொல்லியனுப்பினாங்களாம். எதுக்கு அலையணும், வீட்டுலயே ஒருத்தர் இருக்கார்னுட்டு வந்தாங்களாம்."